கொடைக்கானலில் போட்ட ஒட்டு கொச்சியில் உரிந்துவிட்டது: கப்பலின் டிங்கிக்கு வழி சொல்லுங்கள்

நாயுடுபுரம்_கடலோடி | ஜூலை 4, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கொடைக்கானல். இரண்டு வருடமாக ஒரு பாய்மரக் கப்பலில் டெக் வேலை பார்க்கிறேன். இரண்டு பாய்மரம் கொண்ட சின்னக் கப்பல், கொச்சியில் நிற்கிறது. மழைக்காலத்தில் ஓட்டம் கிடையாது. ஜூனில் ஊருக்கு வந்தேன்.

கப்பலோடு ஒரு காற்றடைக்கும் டிங்கி (கரைக்குப் போய்வரும் சின்னப் படகு) இருக்கிறது. 3.1 மீட்டர் நீளம், மூன்று அறை, அடியில் நீளவாக்கில் முதுகெலும்பு மாதிரி ஒரு காற்றுக் கீல். 8 குதிரைசக்தி டூ ஸ்ட்ரோக் என்ஜின். மே மாதம் படகுத்துறைத் தூணில் உரசி, வலது குழாயில் இரண்டு விரற்கடை நீளத்துக்குக் கிழிந்தது. தூண் முழுக்கக் கொட்டலசு (ஒட்டி வளரும் ஓட்டு உயிரி), கத்தி மாதிரி இருக்கும். கேப்டன் என்னிடம் கொடுத்து, "ஊரில் நேரம் இருக்கும், சரி பண்ணிக் கொண்டு வா" என்றார்.

வீட்டுத் திண்ணையில் வைத்து ஒட்டினேன். சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன்தான். கைக்கு உறுதியாக இருந்தது. காற்றடித்து இரண்டு நாள் வைத்தேன், இறங்கவில்லை. கொச்சிக்குக் கொண்டு போன நான்காம் நாள், சமையல்காரரையும் ஆறு தண்ணீர் கேன்களையும் ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து வரும்போது ஒட்டின் ஓரம் தூக்கி, குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. மற்ற இரண்டு அறையும் தாங்கியதால் துடுப்புப் போட்டுக் கப்பலைத் தொட்டோம். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அவர் நீச்சல் தெரியாதவர். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இப்போது டிங்கியும் என்ஜினும் மறுபடி என் வீட்டில். செப்டம்பர் கடைசியில் கப்பல் கிளம்பும். எங்கே தப்புச் செய்தேன்?

குன்னூர்_போசன் | ஜூலை 4, இரவு 10.35

தம்பி, முதலில் அந்தச் சமையல்காரரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அப்புறம் மற்றது பேசுவோம்.

நான் கப்பலில் போசனாக, அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். டிங்கி என்றால் பலர் பொம்மை மாதிரி நினைக்கிறார்கள். கப்பல் நங்கூரத்தில் நிற்கும்போது அதற்கு இருக்கும் ஒரே வாசல் டிங்கிதான். தண்ணீர், அரிசி, காய்ச்சல்காரன், டாக்டர், எல்லாம் அந்த வாசல் வழியாகத்தான். ஒருவன் கடலில் விழுந்தால் திரும்பிப் போய் எடுப்பதும் அதுதான். கப்பலின் பாய் கிழிந்தால் வேறு பாய் கட்டலாம், டிங்கி கிழிந்தால் மாற்று இல்லை.

மூன்று கேள்வி. துணி பிவிசியா, ஹைபலானா? ஒட்டும்போது வெளியே வானிலை எப்படி? முன்கயிறு, அதாவது டிங்கியின் முன்னால் இருக்கும் கட்டும் கயிறு, எந்தக் கயிறு?

நாயுடுபுரம்_கடலோடி | ஜூலை 5, காலை 7.20

காலையில் எழுந்ததும் அவருக்குப் போன் செய்து பேசிவிட்டேன் ஐயா.

வானிலை: ஜூன் கடைசி. கொடைக்கானலில் அப்போது எப்படி இருக்கும் என்று தெரியுமே. காலையிலிருந்து மஞ்சு இறங்கி நிற்கும், எதிர்வீடு தெரியாது. துணி என்ன என்று தெரியவில்லை, எப்படிக் கண்டுபிடிப்பது?

குன்னூர்_போசன் | ஜூலை 5, காலை 8.05

உள்பக்கம் தெரிகிற ஒரு ஓரத்தைப் பாருங்கள். பிவிசி என்றால் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் போல வழவழப்பாக இருக்கும். ஹைபலான் என்றால் உள்பக்கம் மங்கலாக, ரப்பர் மாதிரி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் உப்புத்தாள் கொண்டு லேசாகத் தேய்த்துப் பாருங்கள். ஹைபலான் மாவு மாதிரித் தூள் உதிர்க்கும், பிவிசி உதிர்க்காது. பஞ்சில் ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டு வைத்தால் பிவிசி பிசுபிசுக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால் இரண்டுக்கும் பசை வேறு. பிவிசிக்குப் பாலியூரித்தேன் பசை, ஹைபலானுக்கு நியோப்ரீன் பசை, இரண்டிலும் கெட்டியாக்கி கலக்கிற வகை. சைக்கிள் சொல்யூஷன் சைக்கிள் டியூபுக்கானது. பிவிசியின் மேல் அது ஒட்டியது போல நடிக்கும். வெயிலும் உப்புத் தண்ணீரும் பட்டால் கழன்றுவிடும்.

நாயுடுபுரம்_கடலோடி | ஜூலை 5, பகல் 1.15

தேய்த்தேன், தூள் உதிரவில்லை. அசிட்டோன் பட்ட இடம் விரலில் ஒட்டியது. பிவிசிதான்.

குன்னூர்_போசன் | ஜூலை 5, பகல் 3.00

அப்படியானால் பாதிக் காரணம் பசை. மீதிப் பாதி உங்கள் ஊர் மஞ்சு.

பசையில் இருக்கிற கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடத்தைக் குளிர வைக்கும். கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே சங்கதி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால், குளிர்ந்த பசை மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படியும். அதன் மேல் ஒட்டுத் துண்டை அழுத்தினால் நீங்கள் ஒட்டுவது தண்ணீர்ப் படலத்தின் மேல்தான். இரண்டு நாள் திண்ணையில் நின்றது, ஏனென்றால் அங்கே அதை யாரும் சோதிக்கவில்லை.

ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, வெப்பம் 18 முதல் 25 டிகிரிக்குள். இந்த இரண்டும் இல்லாமல் பசை டப்பாவைத் திறக்கவே வேண்டாம். கொடைக்கானலில் ஜூலையில் வெப்பம் இருபதைத் தொடுவதே சிரமம். ஈரம் அதைவிட மோசம். பிப்ரவரி என்றால் திண்ணையிலேயே ஒட்டச் சொல்லியிருப்பேன்.

வத்தலக்குண்டு_டூ_வட்டக்கானல் | ஜூலை 5, மாலை 6.40

நான் வாரம் இரண்டு நடை காய்கறி வண்டி ஓட்டுபவன். டிங்கியைச் சுருட்டி வண்டியில் போட்டு வத்தலக்குண்டு கொண்டு வாருங்கள் தம்பி. இங்கே ஜூலையில் காற்றுதான், மழை கிடையாது. என் வீட்டு மாடி காலி.

குன்னூர்_போசன் | ஜூலை 5, இரவு 8.15

நல்ல மனசு. ஆனால் அந்தக் காற்றுதான் எனக்குப் பயம். சூடான காற்று அடித்தால் பசையின் மேல்பக்கம் உடனே தோல் கட்டிவிடும், உள்ளே ஈரமாகவே இருக்கும். கூடவே புழுதி. ஒட்டும் இடத்தில் ஒரு மணல் துகள் இருந்தால் அது காற்றுக்கு வழி. மூடிய அறை என்றால் சரி, மொட்டை மாடி வேண்டாம்.

மூஞ்சிக்கல்_சாக்லேட் | ஜூலை 5, இரவு 9.30

ஒரு யோசனை சொல்லட்டுமா? வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கிறேன். சாக்லேட்டுக்கும் மஞ்சுக்கும் ஜென்மப் பகை. ஈரம் பட்டால் மேலே சர்க்கரை பூத்து வெள்ளை வெள்ளையாக ஆகிவிடும். அதற்காகவே காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஈரப்பதமானியும் உண்டு. ஜன்னலை அடைத்துவிட்டால் சின்ன அறையில் மூன்று நான்கு மணி நேரத்தில் 50-க்குக் கொண்டு வந்துவிடும். தொட்டியில் தண்ணீர் சேர்வதைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள், அவ்வளவும் நாம் மூச்சு விடுகிற காற்றில் இருந்தது.

என் சாக்லேட் அறையைத் தர முடியாது, பசை வாசனையைச் சாக்லேட் அப்படியே இழுத்துக்கொள்ளும். இயந்திரத்தைத் தருகிறேன். தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் திருப்பிக் கொடுத்தால் போதும்.

நாயுடுபுரம்_கடலோடி | ஜூலை 5, இரவு 9.45

அக்கா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. நாளைக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன். வண்டிக்கார அண்ணனுக்கும் நன்றி. உருளைக்கிழங்கு போட்டு வைக்கிற பின்னறை காலியாகத்தான் இருக்கிறது.

குன்னூர்_போசன் | ஜூலை 6, காலை 6.30

இதைவிடச் சரியான வழி எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். அசிட்டோனும் பசையும் பெட்ரோலைப் போலத் தீப்பற்றும். அறையைச் சூடாக்க ஹீட்டர் வைப்பதானால், டப்பாவைத் திறப்பதற்கு முன்பே அணைத்து வெளியே எடுத்துவிடுங்கள். கணப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் மின்சாரம்தான், அதையும் அணைத்து நகர்த்திவிட்டுப் பசையைத் தொடுங்கள். அப்போது கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், ஆவி மயக்கம் வரவழைக்கும். கதவு திறந்தால் ஈரம் ஏறும்தான். அதனால்தான் 60 போதும் என்று நிற்காமல் 45 வரை இறக்கச் சொல்கிறேன். வேலை முடிகிற வரை கையில் இருக்கும்.

முறை இது. பழைய ஒட்டை முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி மெதுவாக உரியுங்கள், இழுத்துப் பிய்க்காதீர்கள். பழைய சொல்யூஷன் ஒரு இழை கூட இருக்கக் கூடாது. அசிட்டோன் துணியால் துடைத்து, உப்புத்தாளால் பளபளப்புப் போகிற அளவுக்கு மட்டும் தேயுங்கள். உள்ளே நூல் தெரிந்தால் அதிகமாகிவிட்டது. ஒட்டுத் துண்டு கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை இருந்தால் முதலில் தூக்குவது அதுதான்.

பசை இரண்டு பக்கமும், மெல்லியதாக. முதல் பூச்சு நன்றாக உலரட்டும், அரை மணி நேரம் ஆகும். இரண்டாவது பூச்சைப் புறங்கையால் தொட்டால் ஒட்ட வேண்டும், ஆனால் கையோடு வரக் கூடாது. அந்த நேரத்தில் துண்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்துங்கள். பூரிக்கட்டை போதும். முதல் தொடுதலிலேயே சரியான இடத்தில் விழ வேண்டும், நகர்த்த முடியாது. அதனால் பென்சிலால் முன்பே கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறைந்தது ஒரு நாள், உங்கள் குளிருக்கு மூன்று நாள் காற்றடிக்காதீர்கள்.

ஊட்டி_மெக்கானிக் | ஜூலை 6, காலை 11.20

தாமதமாக வருகிறேன். பைக் வேலைதான் என் தொழில், பைக்காரா பக்கம் படகு என்ஜினும் பார்த்திருக்கிறேன். என்ஜினைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். காற்று மெலிவு. கார்புரேட்டர் என்ஜினுக்கு அங்கே பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போகும். கரும்புகை விடும், இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறையும். கீழேயிருந்து வருகிற பைக் பெருமாள்மலை ஏறும்போது திணறுவதைப் பார்த்திருப்பீர்கள். இதைப் பார்த்துவிட்டு கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டை மாற்றி, ஸ்க்ரூவைத் திருகி "சரி" செய்துவிடாதீர்கள். கொச்சியில் இறக்கினால் காற்று அடர்த்தி, கலவை மெலிந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. கலவை மெலிந்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் சூடாகி இறுகிவிடும். கடலுக்கு டியூன் செய்த என்ஜின் கொடைக்கானலில் திணறட்டும், அது நோய் இல்லை.

எண்ணெய் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பைக் 2டி எண்ணெய் ஊற்றாதீர்கள். படகு என்ஜின் தண்ணீரால் குளிர்வது, குறைந்த சூட்டில் ஓடும், பைக் எண்ணெய் சாம்பல் படிய வைக்கும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று போட்டிருக்கும், அதுதான் வேண்டும்.

நாயுடுபுரம்_கடலோடி | ஜூலை 6, பகல் 12.10

நல்லவேளை சொன்னீர்கள் அண்ணே. நேற்றுத்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். ஏரியில் விட்டு ஓட்டிப் பார்க்க முடியாது. எப்படிச் சோதிப்பது?

ஊட்டி_மெக்கானிக் | ஜூலை 6, பகல் 2.45

200 லிட்டர் டிரம். பலகை கட்டி அதில் என்ஜினை மாட்டுங்கள். படகைத் தள்ளுகிற விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும், அது மூழ்கும் வரை தண்ணீர். விசிறியைக் கழற்றிவிடுங்கள். ஓட ஆரம்பித்ததும் பின்னால் ஒரு துளையிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் தேய்ந்திருக்கும் அல்லது உப்பு அடைத்திருக்கும். அந்த ரப்பர் சக்கரத்தை வருடம் ஒரு முறை மாற்றிவிடுங்கள். டிரம்மில் பத்து நிமிடம் ஓட விட்டால் உள்ளிருக்கும் உப்பும் கழுவிப் போகும்.

விசிறியைச் சுழற்றும் பல்சக்கரங்கள் உள்ள கீழ்ப்பெட்டியின் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் போட்ட டீ மாதிரி இருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

குன்னூர்_போசன் | ஜூலை 6, இரவு 9.00

மெக்கானிக் தம்பி சொன்ன உயரக் கணக்கு டிங்கிக்கும் உண்டு. குழாய்க்கு அளவு, வெளிக்காற்றை விடக் கூடுதலாக 250 மில்லிபார். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 1,013. கொடைக்கானலில் 785 போல. வித்தியாசம் 230-க்கு அருகில். கொடைக்கானலில் கச்சிதமாக அடித்த டிங்கியை அப்படியே கொச்சிக்கு இறக்கினால் துவண்டு போயிருக்கும், ஒட்டு போய்விட்டது என்று நினைப்பீர்கள். திருப்பிச் சொன்னால்தான் ஆபத்து. கீழே முழுக்க அடித்து லாரியில் மலையேற்றினால் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், தையல் பிரியும். மலைப்பாதையில் எப்போதும் காற்றில்லாமல் சுருட்டித்தான்.

வெயிலும் அதே வேலையைச் செய்யும். காலையில் 20 டிகிரியில் 250 அடித்துவிட்டு மதியம் டெக்கில் வைத்தால் உள்காற்று 45 டிகிரி ஆகும், அழுத்தம் 350-ஐத் தாண்டும். டெக்கில் ஏற்றியதும் ஒவ்வொரு வால்விலும் கொஞ்சம் விட்டுவிடுங்கள், மேலே துணி போர்த்துங்கள். பிவிசி வெயிலில்தான் சாகிறது.

அடிக்கும்போதும் ஒரே அறையை முழுக்க அடிக்காதீர்கள். மூன்றையும் பாதி பாதி, அப்புறம் சுற்றி வந்து முழுமையாக. ஒன்று நிரம்பி மற்றது காலியாக இருந்தால் நடுச்சுவர் ஒரு பக்கமாகப் பிதுங்கி வலுவிழக்கும்.

முன்கயிறு பற்றி இன்னும் பதில் வரவில்லை.

கூக்கால்_பூண்டு | ஜூலை 7, காலை 10.15

படகு பற்றி எனக்குத் தெரியாது. மன்னவனூர் ஏரியில் பரிசலில் போனதோடு சரி. ஆனால் உருளைக்கிழங்கு அறை என்றதும் எழுதுகிறேன். எலி! பூண்டு தொங்கவிட்ட அறையிலேயே சாக்கைக் கடித்துப் போடுகிறது. டிங்கியைத் தரையில் வைக்காமல் பரணில் கட்டித் தொங்கவிடுங்கள்.

நாயுடுபுரம்_கடலோடி | ஜூலை 7, மாலை 5.30

தொங்கவிட்டுவிட்டேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, மடிப்பில் ஈரம் போகத் துடைத்து, முகப்பவுடர் தூவினேன். ஐயா, கேட்டால் கோபப்படாதீர்கள், கப்பலில் பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நங்கூரத்தில் நிற்கும்போது இரவில் டிங்கியைப் பின்னால் கட்டி வைக்கலாமா, தூக்கிவிட வேண்டுமா?

குன்னூர்_போசன் | ஜூலை 7, இரவு 10.20

கோபம் எதற்கு. இதைக் கேட்காதவர்கள் மேல்தான் கோபம்.

போர்ட் பிளேயரில் ஒரு முறை, வானம் தெளிவாக இருந்தது என்று என்ஜினோடு பின்னால் விட்டுவிட்டோம். நடு இரவில் காற்று எழுந்தது. காலி டிங்கிக்கு எடை ஏது, காற்று அடியில் புகுந்து காகிதம் மாதிரிப் புரட்டிப் போட்டது. விடியும்போது அடிப்பக்கம் வானத்தைப் பார்த்தபடி மிதந்தது, என்ஜின் தலைகீழாக உப்புத் தண்ணீரில். இரவுக் காவல் என்னுடையது. இன்றும் அந்த அடிப்பக்கத்தின் வெள்ளை நிறம் கண்ணில் நிற்கிறது. உடனே நல்ல தண்ணீரால் கழுவி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கயிறு இழுத்து இழுத்து உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, மூன்று மணி நேரத்துக்குள் ஓட வைத்தோம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருந்தால் துருவேறி முடிந்திருக்கும்.

அதனால் இரவு என்றால் என்ஜின் கப்பலுக்கு மேலே. டிங்கியும் மேலே. பாய் ஏற்றும் கயிற்றில் மூன்று புள்ளியில் கட்டித் தூக்கி, பக்கவாட்டில் தொங்க வைத்தாலே போதும். தொங்கும்போது அடியிலுள்ள அடைப்பானைக் கழற்றிவிடுங்கள், மழைத் தண்ணீர் தேங்கினால் அந்த எடையே கயிற்றை அறுக்கும். கழற்றிய அடைப்பானைச் சின்னக் கயிற்றில் பின்பலகையிலேயே கட்டி வையுங்கள். இறக்குகிறவன் கை முதலில் அதைத் தொட வேண்டும்.

கடலோட்டத்தின்போது பின்னால் இழுத்துக்கொண்டு போவது என் பழக்கத்தில் இல்லை. டெக்கில் கவிழ்த்துப் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

கப்பலை அணுகும்போது காற்று படாத பக்கமாக, அணியம் (முன்முனை) நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி, வேகத்தைக் குறைத்து வாருங்கள். முதலில் முன்கயிறு மேலே போக வேண்டும், அப்புறம்தான் மனிதர்கள். ஏறும்போது ஒருவர் மட்டும் எழ வேண்டும். என்ஜினை நிறுத்தும் சுருள் கயிறு எப்போதும் ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ முழங்காலிலோ. ஓட்டுகிறவர் விழுந்து டிங்கி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தால், அந்த விசிறி அவரையே தேடி வரும். துடுப்பு, காற்றுப் பம்பு, டார்ச், நீர் இறைக்க ஒரு சொம்பு, ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை. இரண்டு நிமிடத் தூரம்தானே என்று எதையும் விடாதீர்கள்.

நாயுடுபுரம்_கடலோடி | ஆகஸ்ட் 2, மாலை 4.00

பசை வர இரண்டு வாரம் ஆயிற்று. நேற்று முன்தினம் ஒட்டினேன். காலையில் அறையில் ஈரப்பதம் 91. அக்காவின் இயந்திரம் ஓடி மதியம் 44-க்கு வந்தது. வெப்பம் 21. புறங்கை சோதனை செய்தேன், ஐயா சொன்ன அந்த ஒட்டும் நிலை சரியாகப் பதினோராவது நிமிடம் வந்தது. பூரிக்கட்டையால் அழுத்தும்போது துண்டின் ஓரம் துணிக்குள் கரைந்து போன மாதிரி ஆகிவிட்டது. முதல் முறை போட்டதைப் போல விளிம்பு நகத்தில் இடறவில்லை.

குன்னூர்_போசன் | ஆகஸ்ட் 2, இரவு 8.50

அந்த விளிம்புதான் அடையாளம். நாளைக்கும் தொடாதீர்கள். காற்றடித்த பின் அளவெடுப்பதென்றால் இன்று காலை 7, நாளை காலை 7 என்று ஒரே நேரத்தில் எடுங்கள். பகலில் 25 டிகிரியில் அடித்து இரவில் 15-க்குப் போனால், ஓட்டை எதுவும் இல்லாமலே 35 மில்லிபார் இறங்கும்.

நாயுடுபுரம்_கடலோடி | ஆகஸ்ட் 9, காலை 7.30

ஆகஸ்ட் 4 காலை 7 மணி: 250. இன்று காலை 7 மணி: 246. ஐந்து நாள். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததில் ஒட்டின் ஓரத்தில் ஒரு குமிழ் கூட இல்லை. அந்த 4 மில்லிபார் இடது வால்வின் வாஷர். வாஷரும் மாற்றியாயிற்று. என்ஜின் டிரம்மில் ஓடியது, தண்ணீர் பீச்சுகிறது, கீழ்ப்பெட்டி எண்ணெய் சுத்தம். அக்காவின் இயந்திரத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூஞ்சிக்கல்_சாக்லேட் | ஆகஸ்ட் 9, காலை 9.00

கொடுத்தது மட்டுமா, உள்ளே இருந்த வடிகட்டியையும் கழுவித் தந்தார். நான் ஒரு வருடமாகக் கழுவவில்லை.

நாயுடுபுரம்_கடலோடி | செப்டம்பர் 28, இரவு 8.15

கொச்சியிலிருந்து. காற்றில்லாமல் சுருட்டி, வத்தலக்குண்டு அண்ணன் வண்டியில் இறக்கி, இங்கே வந்து புதிதாகக் காற்றடித்தோம். பத்து நாளாகத் தண்ணீரில் ஓடுகிறது. இன்று மாலை சமையல்காரரை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போய் வந்தேன். ஏறுவதற்கு முன் அவரே குனிந்து ஒட்டைத் தடவிப் பார்த்தார். அப்புறம் அடைப்பான் போட்டிருக்கிறதா என்றும் பார்த்தார். மிதவைச் சட்டையை நான் சொல்லாமலே மாட்டிக்கொண்டார்.

ஐயா, முன்கயிறு நைலான். தண்ணீரில் மூழ்குகிற வகை. நீங்கள் இரண்டு முறை கேட்ட பிறகுதான் போய்ப் பார்த்தேன், விசிறி வரை எட்டிச் சுற்றிக்கொள்கிற நீளம். நேற்று மிதக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறாக மாற்றி, விசிறிக்கு ஒரு முழம் குறைவாக வெட்டிவிட்டேன்.

குன்னூர்_போசன் | செப்டம்பர் 28, இரவு 8.40

சரி தம்பி. வெட்டிய முனையை உருக்கிக் கட்டினீர்களா?

நாயுடுபுரம்_கடலோடி | செப்டம்பர் 28, இரவு 8.42

உருக்கி, நூல் சுற்றிக் கட்டியிருக்கிறேன் ஐயா. நாளைக் காலை நங்கூரம் எடுக்கிறோம்.